ஸ்பானிஷ் நோட்டு

முன் சீட்டு அம்மா போன்ல அட போங்கன்னு சிரிச்சாகல்ல, கேட்டீகளா பெரியம்மா? அந்தப் பக்கம் பேசுறவரு எந்திரிச்சா போயிருவாரு? ஸ்பானிஷும் அப்பிடித்தான். ஆந்தான்னா நடன்னு அர்த்தம். ஆனா அடேயப்பாங்கிறதுக்கும் அதத்தான் சொல்லுவாக. பெங்கான்னா வா. அதச் சொல்லிட்டுத்தான் போனையே வைப்பாக. இந்த நோட்டு முழுக்க அதுதான். பாருங்க, தேனி வர இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு.

இல்லல்ல, வேலைக்கில்ல. ஸ்பெயின்ல இருக்கிற மாப்பிள்ளைக்கு என்னையப் பேசியிருந்தாக. மதன்குமாருன்னு, நம்ம அல்லிநகரத்துக்காரருதான். ஆறு மாசம், வேலைக்குப் போற பஸ்ஸுல வீடியோ பாத்துப் பாத்து எழுதினேன். பாடப் புஸ்தகத்துல வணக்கம், நலமா, அவ்வளவுதான். மனுசங்க வாயில நெசமா வர்றது இதுலதான் இருக்கு. வெளிய சொல்லக் கூச்சம். தங்கச்சி மாரீஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

பொண்ணு பாக்க வந்தாக. நான் காபித் தட்டோட நிக்கேன், அவருக்குக் கூட்டாளிகிட்டருந்து போன் வருது. எங்கம்மா ஓடிப்போயி ஃபேனை அமத்துறா, மாப்பிள்ளைக்குக் காது கேக்கணுமுல்ல. அவரு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, மாத்ரே மீயா, தீயோன்னாரு. நம்மூர்ல அட கடவுளே, மாப்ளேம்பாகல்ல, அது. அப்பறமும் ஸ்பானிஷ்லயே அந்தக் கூட்டாளிகிட்டச் சொல்றாரு, இவளோட தெருவுல நடக்க முடியுமாடா, தங்கச்சிக்காரி தேவலை. எங்கம்மா நச்சரிப்புக்கு ஒருத்திய ஒரு வருசம் வச்சிருந்துட்டுத் திருப்பி அனுப்பிருவேன், லூசியாகிட்ட மட்டும் வாயத் தெறந்துறாதன்னு. அங்க அவரோட இருக்கிறவ போல. அம்புட்டையும் சிரிச்ச மொகமாச் சொல்றாரு. எங்கப்பாவுக்குப் பெருமை தாங்கல. ஆபீஸ்ல இவரில்லாம ஒண்ணும் ஓடாது போலன்னு மாமா காதுல சொல்றாக.

நானா? காபியக் குடுத்தேன்.

ரெண்டே நாள்ல சேதி வந்துச்சு, சின்னவளக் குடுங்கன்னு. மாரி வந்து, அக்கா, ஒனக்கு வருத்தமில்லையேன்னு கேட்டா. கேக்கையிலயே கண்ணாடியப் பாத்துப் பொட்டு வச்சுக்கிட்டிருந்தா.

கட்டிக்கடின்னேன்.

கல்யாணத்தன்னைக்கு வந்த சனம் பூராம் அவளப் பாக்கல, என்னையத்தான் பாத்துச்சு. பாவம் பாவம்னு. சரி, அத விடுங்க.

இன்னைக்குக் காலையில மதுரை ஏர்போர்ட்டுல ஏத்திவிட்டு வாரேன். அவரு முன்னாலயே போயிட்டாரு, இவ தனியாத்தான் போறா. பெட்டி அரைக்கிலோ கூடுதல்னுட்டாக. அம்மா ஒரே அழுகை. மாரி சொன்னா, அக்கா, ஊறுகா பாட்டில வெளிய எடுத்துரு, ஒன் நோட்டு மட்டும் உள்ள இருக்கட்டும், அவரு போன்ல பேசுறது ஒண்ணும் புரியாம எத்தன நாளைக்கு முழிச்சுக்கிட்டு நிப்பேன்னு. சொல்லிட்டுப் பாஸ்போர்ட்டத் தூக்கிக்கிட்டுக் கவுண்டருக்குப் போனா.

நான் ஊறுகாய நல்லா உள்ள தள்ளிட்டு, இந்த நோட்ட எடுத்துக்கிட்டு ஜிப்ப இழுத்து மூடிட்டேன்.