கழுவிய நீரைக் கொட்டாத சொக்கம்மாள் அம்மையாருக்கு

குழாய் நீரோ குளத்து நீரோ, கொண்டுவந்து வைத்த மாத்திரத்திலேயே குற்றம் குறை கூறிவிடும் கூர்மதியாளரே! எண்ணூர்க் கழிமுகம் தொடங்கி இராயபுரம் கரை வரை எந்த நீர் எந்தத் தெருவினது என்று ஏடு பாராமல் எடுத்துரைக்கும் ஏற்றமிகு பெண்மணியே! வியாசர்பாடியிலிருந்து விடியலில் புறப்பட்டு, முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த நீர், மண் ஆய்வுக்கூடத்தின் உதவியாளராய் உழைத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் சொக்கம்மாள் அம்மையாரே! வணக்கம்.

ஓய்வு பெறுவோருக்கு வாழ்த்து மடல் எழுதி விழாவில் வாசிப்பது மூத்த வேதியியலரின் கடமை என்பது இங்கே வழக்கம். ஆகவே இது தவசிமுத்துவாகிய என் தலையில் விழுந்தது. எழுத்தர் வரதன் போன ஆண்டு மடலைக் கையில் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றினால் போதுமே என்றார். மாற்றிப் பார்த்தேன். "கடமையே கண்ணாய், கனிவே பண்பாய்" என்று முதல் வரி நன்றாகத்தான் இருந்தது; அதற்குமேல் பேனா நகரவில்லை. வயிற்றெரிச்சல் பிடித்தவனைக் கூப்பிட்டுப் பாராட்டு எழுதச் சொன்னால் எப்படி நகரும்? ஆம் அம்மையாரே, இந்த ஆய்வுக்கூடத்தில் கால் வைத்த நாள் முதல், பதினெட்டு ஆண்டுகளாக, எனக்கு உங்கள்மேல் பொறாமை. அவையோர் பொறுத்தருள்க. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

பொறாமைக்குக் காரணமா இல்லை! முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். பத்தாம் வகுப்போடு கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவர் நீங்கள். ஆனால் தொலைபேசியில் அழைப்பவர்கள் கேட்பது உங்களை. கடல்நீர் எடுக்கக் காசிமேட்டுக்குப் போனால் ஓட்டுநர் தமீம் ஜீப்பை நிறுத்துவதற்குள் மீன்காரப் பெண்கள் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள்; வேண்டாம் என்றாலும் வஞ்சிரம் ஒரு துண்டு உங்கள் பைக்குள் போய்விடும். பதினோரு ஆண்டுகள் அதே கரைக்குப் போன பிறகும் அங்கே மீன் விற்கும் சிலுவையம்மாள் என்னைப் பார்த்து, "நீ யாரு நைனா?" என்று கேட்டார். அன்று இரண்டு புட்டிகளில் தேதி தப்பாக எழுதினேன். நீங்கள் சத்தமில்லாமல் திருத்தி வைத்தீர்கள். அதற்கும் கோபப்பட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். முன்வரிசையில் துறையின் உயர் அலுவலர்கள் வீற்றிருக்கிறார்கள். வரும் திங்களன்று துணை இயக்குநர் பதவிக்கு என் பெயரை ஏற்பதா என்று முடிவு செய்யப்போகிறவர்களும் அவர்களே. பரிந்துரைக் கடிதத்தில் என் சாதனையாகச் சொல்லப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று, 2003ஆம் ஆண்டு சடையங்குப்பம் அறிக்கை. பெரியோர்களே, அந்த அறிக்கையில் இருப்பது என் கண்டுபிடிப்பு அன்று. என்னுடையது அதற்கு முந்தைய தவறு மட்டுமே.

மழை வந்தால் மிதக்கும் சடையங்குப்பத்தில், லாரித் தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தரைக்குள் ஒரு சம்ப் கட்டினார்கள். உலைச் சாம்பலும் கசடும் கலந்து அச்சில் வார்த்த கற்கள். விலை குறைவு, பார்க்கவும் உறுதி. அவற்றிலிருந்து நீரில் எதுவும் கசியுமா என்று சோதிக்க ஒரு கல் நம்மிடம் வந்தது. அப்போது இங்கே ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்து நிலக்கரித் தூசு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும் என்பதால், கல்லோ ஓடோ சிமெண்டுத் துண்டோ, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவி உலர்த்திய பிறகே ஊறவைப்போம். ஊறிய நீரைச் சோதிப்போம். கழுவிய நீரைக் கொட்டிவிடுவோம். சுத்தத்துக்குத் தவசிமுத்து என்று பேர் வாங்கியவன் நான். மூன்றை ஐந்தாக்கியவனும் நானே. அந்தக் கல்லை ஐந்து முறை கழுவினேன், ஊறவைத்தேன், "தீங்கற்றது" என்று கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தங்கபுஷ்பம் என்ற பெண், சம்ப் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தார். இலேசான மஞ்சள் நிறம். பிள்ளைகளுக்கு வாயெல்லாம் புண், மேலெல்லாம் அரிப்பு என்றார். லாரித் தண்ணீரில் கோளாறு இருக்கும் என்று சொல்லி நான் அனுப்பிவைத்தேன். நீங்கள் வாசல் வரை போய், கட்டியது போக மிஞ்சிய கல் ஒன்று கிடைக்குமா என்று அவரிடம் கேட்டீர்கள். மறுநாள் அந்தக் கல்லைக் கழுவாமலே வாளியில் வைத்து நீர் ஊற்றி, வடிந்த முதல் நீரை எடுத்துச் சோதித்தீர்கள். குரோமியம், குடிநீருக்கு அனுமதித்த அளவைப்போல் பதினோரு மடங்கு.

தாளை என் மேசையில் வைத்தீர்கள். யாரைக் கேட்டு முறையை மாற்றினாய் என்று நான் கத்தியது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க அஞ்சு தபா கழுவிட்டு சுத்தமா கீதுன்னு எழுதிட்டீங்க சார். அந்த அஞ்சு தபா தண்ணியத்தான் அந்தப் புள்ளைங்க குடிச்சிகினு கீதுங்க" என்றீர்கள்.

சொன்னது சரி என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குடுவை கழுவ வந்தவருக்குப் புலப்பட்டது எனக்கு ஏன் புலப்படவில்லை? அந்தத் தாளை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். நான்கு நாள், அவையோரே! அந்த நான்கு நாளும் சம்ப்பை மூடச் சொல்லி இங்கிருந்து ஒரு வரி போகவில்லை.

இரண்டாம் நாள் நீங்கள் விடுப்புக் கேட்டீர்கள். காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பேருந்து பிடித்துச் சடையங்குப்பம் போய், அந்தச் சம்ப்பின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டீர்கள் என்பதைத் தமீம் சொல்லித்தான் அறிந்தேன். குடத்தோடு வந்தவர்கள் ஏசினார்கள். வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். நீங்கள் எழுந்திருக்கவில்லை. தங்கபுஷ்பம் டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாராம். மூன்று நாள் வெயிலில் இருந்தீர்கள். நான்காம் நாள் நான் இழுப்பறையைத் திறந்தேன். மனச்சாட்சி உறுத்தி அன்று. நீங்கள் மேலிடத்துக்கு எழுதிவிடுவீர்களோ என்ற பயத்தால்.

பிறகு நடந்ததை ஊரே அறியும். என் பெயரில் அறிக்கை போயிற்று, சம்ப் இடிக்கப்பட்டது, வேறு கல்லில் கட்டப்பட்டது. கருத்தரங்கில் பேச என்னை அழைத்தார்கள். முதல் நீரைக் கொட்டக் கூடாது என்ற புது விதி, நான் வகுத்ததாக நம் கையேட்டில் ஏறியது. உங்கள் பெயர் ஒரு வரியிலும் இல்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று உங்களிடமே கேட்டேன். "தொட்டிய இடிச்சாங்க இல்ல சார்" என்று சொல்லிவிட்டுக் குடுவையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அதற்குக்கூட என்னை ஒரு பொருட்டாக நீங்கள் மதிக்கவில்லையே என்று அன்றும் பொறாமைப்பட்டேன்.

எனவே, மேன்மைமிகு அலுவலர்களே, அந்த அறிக்கையிலிருந்தும் கையேட்டிலிருந்தும் என் பெயரை நீக்கி, சொக்கம்மாள் என்று எழுதுமாறு இந்த மடலையே விண்ணப்பமாகக் கொள்ள வேண்டுகிறேன். "தீங்கற்றது" என்ற முதல் சான்றிதழில் மட்டும் என் கையெழுத்து இருக்கட்டும். திங்களன்று நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். சம்மதம் என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் எழுதினேன் என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் பதவியின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

அன்புக்குரிய அம்மையாரே! நீங்கள் நோய்நொடியின்றி, நல்ல தண்ணீர் குடித்து, நெடுங்காலம் வாழ வேண்டும். சக ஊழியர்கள் அன்பினால் அப்படி வாழ்த்துகிறார்கள். என் வாழ்த்தில் சுயநலமும் உண்டு. உங்கள் கண்ணுக்குத் தப்பியதை ஒரே ஒரு முறையாவது என் கண் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு இன்னும் தணியவில்லை. அப்படிப் பிடித்தால் அது சரிதானா என்று நான் வந்து கேட்பதற்கு உங்களை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

இங்ஙனம்,
வாழ்த்துக்கு: ஆய்வுக்கூட ஊழியர் அனைவரும்
தவறுக்கு: தவசிமுத்து மட்டும்

திருவொற்றியூர்
31.5.2006