விஞ்சுப் பிடியை விடாத வெர்னன் ஸ்டாமர்ஸ் அவர்களுக்கு

கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில், விஞ்சு எனும் கயிறு சுற்றும் பொறியின் மேடையிலிருந்து ஓய்வுபெறும் பெருந்தகைக்கு, போர்க்காலத்தில் 'ஹேசல் மே' கப்பலில் உடன் உழைத்த ஐவர் வாசித்தளிக்கும் மடல்

வலை இழுத்த கையால் வெடி இழுத்த வீரரே! இரும்புக் கயிற்றில் உள்ளங்கை வைத்தே கடலடிச் சேதி அறிந்த செம்மலே! முப்பத்தொன்பது ஆண்டுகளில் எவர் விரலையும் நசுங்கவிடாத ஏந்தலே, வணக்கம்.

தங்கள் பொறுமையையும் புகையிலைக் கஞ்சத்தனத்தையும் மற்றவர்கள் பாடிவிட்டார்கள். நாங்கள் 1941 மார்ச்சில் ஒரு காலையைப் பற்றி மட்டும் பேச வந்தோம்.

மீன்பிடிக் கப்பலான நம் கப்பலை, எதிரி கடலில் போட்ட கண்ணிவெடிகளைக் கயிற்றால் வாரி அகற்றக் கடற்படையினர் அனுப்பியிருந்தார்கள். பின்னால் வரும் பதினேழு நிலக்கரிக் கப்பல்களுக்கு நாம்தான் காவல். வெடித்தால் தப்ப முடியாதென்று அடித்தளத்தில் படுக்க அஞ்சி, மழையிலும் மேல்தளத்திலேயே படுத்தோம். அன்று, வாரிய கயிற்றை விஞ்சில் சுற்றும்போது திடீரெனக் கனத்தது. கனத்தால் மீன் என்று பழகிய புத்தி எங்களுக்கு.

"சும்மா இழுங்கண்ணே, நல்ல மீன்பாடு மாட்டியிருக்கு" என்று சிரித்தோம்.

தாங்கள் விஞ்சை நிறுத்திக் கயிற்றைத் தொட்டீர்கள். "வாய மூடுங்கடா. மீனு இப்படி உதறாது. சங்கிலி உரசுது" என்றீர்கள்.

எட்டு கஜத்தில் வெடி மேலே வந்தது. இடித்தால் வெடிக்கவைக்கும் அதன் கொம்புகளை எண்ணும் அளவுக்குக் கிட்டே இருந்தது. கயிற்றை வெட்டினால் அது பாதையிலேயே கிடந்து, பின்வரும் கப்பலைக் கொல்லும். கயிற்றை மெல்ல விட்டு, வெடியைத் தொலைவில் நிறுத்தி, பாதைக்கு வெளியே இழுத்துப் போக வேண்டும். அதற்குத் தங்கள் இரு கைகளும் விஞ்சுப் பிடியில் இருக்க வேண்டும்.

"அலை அதை நம்ம மேல தள்ளினா வெட்டணும். எவனாச்சும் ஒருத்தன் கோடாரியோட என் பக்கத்துல நில்லுங்கடா" என்றீர்கள்.

நாங்கள் வெடியை விட்டு விலகி முன்தளத்துக்கு ஓடினோம். ஐவரும் ஓடினோம். நாற்பது நிமிடம் தாங்கள் தனியே, கோடாரியைக் காலடியில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். பதினேழு கப்பல்களும் போய்ச் சேர்ந்தன.

"ஐவரும் என் அருகில் நின்றனர்" என்று அறிக்கையில் கையெழுத்திட்டீர்கள். எங்களுக்குப் பதக்கம் வந்தது. எங்கள் மனைவியர் அதை இன்றும் துடைத்து வைக்கிறார்கள். அவர்கள் இதோ இந்த அவையில்தான் இருக்கிறார்கள்; நாங்கள் ஓடியதை இன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

தங்கள் துணைவியார் ஐவி அம்மையாருடன் நோயின்றி, நல்லுறக்கத்துடன் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். இனி எதற்கேனும் பக்கத்தில் ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். ஐவருக்கும் முழங்கால் போய்விட்டது, ஓட முடியாது.

இப்படிக்கு,
முன்தளத்துக்கு ஓடிய
ஆம்புரோஸ் டிக்ஸ், கிளிஃபர்ட் ரோ, லெனர்ட் பேஜ், சிரில் ஹாப்வுட், நார்மன் டேல்