புத்தளத்துக்கு ஓர் ஓவியக்கூடம் எதற்கு?

மேடைக்கு மதிப்பும் மாலைக்கு மலர்ச்சியும் தந்து வீற்றிருக்கும் தலைவர் அல்ஹாஜ் முத்தலிபு அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து எங்களை இன்னும் முன்னே நடத்துகின்ற பெரியோர்களே! உப்பளத்து வெயிலையும் அடுப்படி நெருப்பையும் ஒரே நாளில் வென்று வந்திருக்கும் தாய்மார்களே! களப்பைக் கடந்து உச்சமுனையிலிருந்து வந்த உறவுகளே! மதிலில் ஏறியிருக்கும் தம்பிமாரே! உங்கள் அனைவருக்கும் பஸீனா டீச்சரின் அன்பு நிறைந்த அஸ்ஸலாமு அலைக்கும்!

பின்னுக்குச் சத்தம் கேட்குதா? ஓமா? நல்லது. மதில் பத்திரம் தம்பிமாரே, அது நகரசபையின் மதில்!

புத்தளத்துக்கு ஓர் ஓவியக்கூடம் எதற்கு? சந்தையில் கேட்டார்கள். பஸ்ஸில் கேட்டார்கள். கல்யாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி இருந்து சோறு தின்றபடியும் கேட்டார்கள். "டீச்சர், படம் பார்த்தாப் பசி தீருமா?" என்று கேட்டவர், இதோ, இரண்டாம் வரிசையில் சிரிக்கிறார். ரஸாக் நானா, ஒளியாதீங்க! பசி தீராதுதான், பசிக்குப் பாண் கடை இருக்கிறது. ஆனால் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என்னிடம் படித்தவள் றிஸ்மினா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த உம்மு குல்சூம் ராத்தாவின் மகள். இங்கே, அகதி முகாமின் ஓலைக் குடிசையில் பிறந்து, இங்கேயே தூரிகை பிடித்தவள். சென்ற வருடம் கொழும்பில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு நவீன ஓவியக்கூடம் அவளுடைய ஓவியத்தைச் சுவரேற்றியது. விடுவோமா நாங்கள்? ராத்தாவையும் ஊர்ப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் புறப்பட்டோம்!

பஸ்ஸில் றிஸ்மினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், என்ன படமெண்டு உம்மாட்ட நான் சொல்லல்ல. அவ மனமுடைஞ்சு போனா நான் என்ன செய்ற?"

அவளுக்கு முன் பிறந்த பெண்குழந்தை ஒன்று, மன்னாரிலிருந்து வரும் வழியில் வள்ளத்திலேயே காய்ச்சலில் மவுத்தானது. கல்பிட்டிக் கரையில் அடக்கினார்கள். தன் கடைசிக் காலத்தில் வாப்பா மகளிடம் சொன்னது இவ்வளவுதான். உம்மாவோ அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்தத் துயரைத்தான் மகள் வரைந்திருந்தாள்.

போய்ச் சேர்ந்தோம். பளபளக்கும் தரையைக் கண்டதும் எங்கள் பெண்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள்! உள்ளே உடைந்த கதிரைகளைக் கூரையில் தொங்கவிட்டிருந்தார்கள். "இதையெல்லாம் தச்சாசாரிட்ட குடுத்திருந்தா ஒரு கல்யாணத்துக்கு ஆக்கள் இருக்கப் போதுமே" என்றார் பக்கத்து வீட்டு றம்ஸியா. நீங்கள் சிரிப்பதைப்போல நாங்களும் சிரித்தோம். சிரித்தபடியே அடுத்த அறைக்குள் போனோம். அங்கே எங்கள் சிரிப்பு நின்றது.

சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கடல். கடல் நடுவே ஒரு வள்ளம். வள்ளத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு வெள்ளைத் துணி. கீழே மூன்று மொழியில் தலைப்பு: பெயரில்லாப் பிள்ளை.

உம்மு குல்சூம் ராத்தா பார்த்தார். அழுதாரா? இல்லை. மகளை ஏசினாரா? இல்லை. கிட்டப் போய்த் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"புள்ளைக்குப் பேரில்லையெண்டு ஆரு எழுதின?"

"நான்தான் உம்மா. எனக்குத் தெரியாதே…"

"ஏழாம் நாள் பேர் வச்சம். ஸாபிரா. உங்கட வாப்பா ஆசையா வச்ச பேர். உனக்கு மூத்தவ, ராத்தா அவ. ஸாபிரா."

சபையோரே! முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தாயின் தொண்டைக்குள் கிடந்த பெயர் அன்றுதான் காற்றைக் கண்டது! மகள் உம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். அதன் பிறகுதான் உம்மாவும் அழுதார். ஓவியக்கூடத்துக்குப் பொறுப்பான சிங்களச் சகோதரி ஓடிவந்து என்னவென்று கேட்டார். நான் சொன்னேன். அவர் அந்தத் தலைப்பைத் தன் கையாலேயே கழற்றினார். புதிதாக எழுதித் தருவதாகச் சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ராத்தா சொன்னார்: "நல்லா எழுதுங்க. ஆனா அவ இங்க இருக்கக்கூடாது. அவ கல்பிட்டி மண்ணில கிடக்கிற புள்ள. எங்கட பக்கம் கொண்டு வாங்க."

"எங்க மாட்டுற ராத்தா? புத்தளத்தில இப்படி ஒரு இடம் இல்லையே" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இல்லாட்டிக் கட்டுங்க டீச்சர்!"

கட்டினோமா இல்லையா? கட்டினோம்! பாழடைந்து கிடந்த உப்புக் கிட்டங்கிக் கட்டடத்தைத் திறந்து தந்தவர்கள் இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் அகதியாய் வந்தவர்களின் பிள்ளைகள். கூரைக்குத் தகரம் ஏற்றியவர்கள் நுரைச்சோலை இளைஞர்கள். யார் வந்தவர், யார் இருந்தவர் என்று அந்தச் சுவரைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா? முடியாது! இது நம் சுவர். நம் கண்ணீருக்கு நாமே தலைப்பு எழுதும் சுவர். நம் கடலை நாமே வரையும் சுவர். நம் பிள்ளைகளை நாமே பெயர் சொல்லி அழைக்கும் சுவர்!

இதற்குத் தோள்கொடுத்த ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. என் பேச்சு முடிந்தது. இனிப் பேச வேண்டியது அந்தச் சுவர். உம்மு குல்சூம் ராத்தா, வாருங்கள். ஸாபிராவின் படத்தை மூடியிருக்கும் திரையை நீங்கள்தான் விலக்க வேண்டும். சபையோரே, எழுந்து நின்று அவருக்கு வழி விடுங்கள்.

வஸ்ஸலாம்.