பாரீசுக்குப் போகும் நீலக் கைநாட்டு

"பாரீசு பொம்பளைங்களுக்கே ஓட்டு இல்லையாமே, மேரி?"

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் கேட்டாள். மில்லில் வேலை போல. விரலெல்லாம் சாய நீலம். அவள் பக்கத்தில் நின்ற மேரி கையில் தடித்த உறை.

"இல்ல, அஞ்சல. அதுக்குத்தான் மனு போடறாங்க. எல்லா ஊர்ப் பொம்பளைங்களும் கையெழுத்து போட்டு அனுப்புங்கன்னு நமக்கும் எழுதியிருக்காங்க. ஆனா கைநாட்ட மையில வைக்கச் சொன்னா, மில்லுப் பொம்பளைங்க நீங்க எல்லாம் சாயத்தொட்டியில கட்டைவிரல முக்கி வச்சிருக்கீங்களே!"

"மை கேட்டா மேஸ்திரி எதுக்குன்னு கேப்பான்."

"இந்த நீலத்தப் பாத்தாலே எந்த மில்லுன்னு தெரிஞ்சிடும். மேஸ்திரி காதுக்குப் போனா வேலைச் சீட்டக் கிழிச்சிடுவான்."

"கிழிக்கட்டும். அவங்களுக்கு ஓட்டு கெடச்சா நம்மள மறந்துடக் கூடாதுன்னு எழுதினியா?"

"அத எழுதலியே."

"அப்ப உறையப் பிரி."

"வரிசை போயிடும், அஞ்சல."

"போனா மறுபடி நிப்போம்."

இருவரும் வரிசையை விட்டு ஓரத்து மேசைக்குப் போனார்கள். மேரி அந்த ஒரு வரியை பிரெஞ்சில் எழுதி முடித்தாள். அஞ்சலை மேசையிலிருந்த மையைத் தொட்டாள்.

"இந்த வரிக்குக் கீழ தனியா ஒரு கைநாட்டு வைக்கறேன். எந்த எடம்னு காட்டு."