பாலை மரத்தில் ஏறியவர்

காலை ஏழு பத்துக்குத் திருகோணமலை பஸ்ஸில் ஏறியதும், இருக்கைகளுக்கு நடுவே நீட்டியிருந்த பிளாஸ்டர் போட்ட ஒரு காலைத்தான் முதலில் கண்டேன். கால்காரருக்குப் பக்கத்தில் மனைவி. முன் இருக்கைப் பெண் திரும்பினாள்.

"அண்ணன் கரடியைக் கலைச்சவராம்?"

"எங்கட ஊர் திரியாயில அப்பிடித்தான் கதை," என்றாள் மனைவி. "பாலைப்பழம் பொறுக்கேக்க கரடி வந்தது. இவர் மரத்தில ஏறிட்டார். அதுவும் பாலை மரம்! கரடி பழம் தின்ன ஏறுறதே அதிலதான்."

"அப்ப கலைச்சது ஆர்?"

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"இவதான்!" பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "வாளியில கத்தியால தட்டிக்கொண்டு நேரே போனவ. மேல இருந்து நான் கண்டனான். கரடி ஓடிட்டுது."

"அப்ப கால்?"

"பிறகு இறங்கேக்க விழுந்தனான்."

ஆஸ்பத்திரித் தரிப்பில் அவள் அவரைத் தோளில் தாங்கி இறக்கினாள்.