கீஷ் தீவுக்கு ஒரு ஃபேக்ஸ்

நீங்கள் எப்போதாவது ஈரானுக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறீர்களா? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்து நம்பரை அழுத்த வேண்டும். கீச்சென்று ஒரு சத்தம் வரும், தாள் மெல்ல உள்ளே போய் வெளியே வரும். லைன் கிடைக்காவிட்டால் திரும்ப அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

துபாயில், தேராவில் நான் வேலை பார்க்கும் அரபி வக்கீல் ஆபீஸில் அது என் வேலை. ஃபைல் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன், வரிசையில் நிற்பேன், ஜெராக்ஸ் எடுப்பேன், ஃபேக்ஸ் அனுப்புவேன். நானும் மதுரையில் பி.எல். படித்தவன்தான். சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை.

வீரபாண்டியும் பி.எல். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். 2007இல் விசிட் விசாவில் வந்து, அல் குசைஸில் எங்கள் ரூமில், என் கட்டிலுக்கு மேல் கட்டிலைப் பிடித்தான். அப்போது ஷேக் சாயித் ரோட்டில் வெள்ளைக்காரர்களின் வக்கீல் கம்பெனிகள் மாடி மாடியாகத் திறந்துகொண்டிருந்தன. கட்டடம் எழும்ப எழும்ப ஒப்பந்தம் எழுத ஆள் தேவைப்பட்டது. அங்கே ட்ரெய்னி சொலிசிட்டர் என்று ஒரு வேலை உண்டு. கூடவே இருந்து பழகிக்கொண்டால் பிறகு நீங்களும் கோட்டுப் போட்ட வக்கீல். அதற்கு நான் வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். பதில் வந்ததில்லை.

லீவு நாளான ஒரு வெள்ளிக்கிழமை ரூமில் சமையலுக்கு எல்லாரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் என் விண்ணப்பத்தை எடுத்துப் படித்தான்.

"என்னண்ணே இது, மேன்மை தங்கிய ஐயா, தங்கள் பொற்பாதங்களிலன்னு இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கீங்க? மாரியாத்தாளுக்கு மனுப் போட்ட மாதிரி இருக்கு."

"மரியாதையா எழுதணும்லடா."

"அப்பா பேரு, ஜாதி, கல்யாணம் ஆகல… அவய்ங்க என்ன பொண்ணா குடுக்கப் போறாய்ங்க? என்ன கேஸு பாத்தீங்கன்னு ஒரு வரி இல்லையேண்ணே."

ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே உட்கார்ந்து என்னுடையதையும் திருத்தி எழுதிக் கொடுத்தான். இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்கு, ஒரே நாளில் அனுப்பினோம். அவனிடம் மொபைல் இல்லை.

"உங்க நம்பரப் போட்டுக்கிறேண்ணே," என்றான்.

போட்டுக்கொள் என்றேன்.

போன் வந்தபோது கோர்ட் வரிசையில் நின்றிருந்தேன். ஒரு பெண் கம்பெனிப் பெயரைச் சொன்னதும் கை தானாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தது. அவள் மிஸ்டர் வீரபாண்டி இருக்கிறாரா என்று கேட்டாள். அந்தச் செய்தியை நான் அவனிடம் சேர்த்தேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இன்டர்வியூவுக்கு என் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போனான். அவனை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய வக்கீல் பார்ப்பார், அது முடிந்தால் வேலை. ஆனால் அதற்குள் அவன் விசிட் விசா முடிந்தது. கீஷுக்குப் போக வேண்டியதாயிற்று.

கீஷ் ஈரானின் தீவு. அப்போது விசிட் முடிந்தவர்கள் நாட்டைவிட்டு வெளியேறித்தான் புது விசாவில் திரும்ப முடியும், அதனால் சின்ன விமானத்தில் அங்கே போய்க் காத்திருப்பார்கள். இங்கிருந்து யாராவது புது விசாவின் அசலை ஏர்போர்ட்டில் டெபாசிட்டாகக் கட்டிவிட்டு, நகலை அங்குள்ள ஹோட்டலுக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். ஹோட்டல்காரன் பெயரை வாசிப்பான். பெயர் வந்தவன் பெட்டியைத் தூக்கலாம். வராதவன் அங்கேயே கிடப்பான். வீரபாண்டி என் ஷூவையும் எடுத்துக்கொண்டு போனான், ஏர்போர்ட்டிலிருந்து நேராக இன்டர்வியூவுக்குப் போகலாம் என்று.

புது விசா எடுத்தவர் நூஹு பாய். கீழக்கரைக்காரர், எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை. தன் கஃபீலை, அதாவது அவருக்கு விசா கொடுத்த அரபியை, பிடித்து எடுத்தார். பல வருஷமாக என்னை வக்கீலு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். வீரபாண்டி வந்த பிறகு அவன் புது வக்கீலு, நான் பழைய வக்கீலு.

"பழைய வக்கீலு, மக கல்யாணத்துக்கு நான் ஊருக்குக் கெளம்புறேன். இத கையோட அனுப்பிருங்க," என்று தாளைக் கொடுத்தார். "புது வக்கீலு நம்ம பில்டிங்குக்கே பேரு வாங்கித் தரப்போற ஆளு."

அசலை அன்றைக்கே ஏர்போர்ட்டில் கட்டினேன். ரசீது இன்னும் இருக்கிறது. பிறகு ஆபீஸுக்கு வந்து நகலை மெஷினில் வைத்தேன். நம்பரை அழுத்தினேன். கடைசி எண்ணுக்கு முன்னால் கை நின்றது. ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரு இன்டர்வியூ போனால் யாரும் செத்துவிட மாட்டார்கள். எனக்கு எத்தனையோ போயிருக்கின்றன. தாளை எடுத்து மேசை டிராயரில் வைத்தேன்.

அவன் அங்கிருந்து போன் கார்டில் கூப்பிட்டான்.

"அண்ணே, இன்னைக்குப் பேரு வாசிச்சாய்ங்க. என் பேரு வரலண்ணே."

"லைன் கிடைக்கலடா. ஈரானுக்குப் போட்டாலே எங்கேஜ்டு."

"சரிண்ணே. நீங்க இருக்கீங்கல்ல, அந்தத் தைரியந்தான்."

ஞாயிறு போனது. திங்கட்கிழமை தாளை டிராயரிலிருந்து வெளியே எடுத்தேன், நிஜமாகவே அனுப்பத்தான். அப்போது அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். அவன் ஏன் வரவில்லை என்று கேட்டாள். கீஷில் இருக்கிறான், விசா வரவில்லை என்றேன். அவள் பதறவில்லை. இங்கே இதெல்லாம் சகஜம், வந்ததும் வரச் சொல்லுங்கள், அவருக்காக இடத்தை வைத்திருக்கிறோம் என்றாள்.

நானும் பி.எல்.தான், நானும் விண்ணப்பித்திருக்கிறேன், பெயர் ரெங்கராஜ் என்று சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வைத்தாள். தேடிப் பார்த்தாள். ஃபைலில் இருக்கிறது என்றாள். பிறகு, மிஸ்டர் வீரபாண்டியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள்.

இந்த ஊரில் எனக்காக ஒரு டாக்ஸிகூட நின்றதில்லை. அவனுக்காக ஒரு கம்பெனி நின்றது.

தாளைத் திரும்ப டிராயரில் வைத்தேன்.

அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு. ரூமில் மேல் கட்டிலிலிருந்து அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். கையில் இருந்த காசு தீர்ந்து, ஹோட்டல் அறையைக் காலி செய்து, வெளியே வராந்தாவில் மற்றவர்களோடு படுத்திருந்தான். தூசியும் வெக்கையும் என்று சொன்னான். அடுத்த முறை கூப்பிட்டபோது நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"அண்ணே, இழுக்குதுண்ணே. ஸ்ப்ரே தீந்துபோச்சு."

"கடையில கேட்டு வாங்க வேண்டியதுதானே."

"காசில்லண்ணே. வந்துட்டா சரியாயிரும். நாளைக்கு வந்துரும்லண்ணே?"

"வந்துரும்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பாடா. மூச்ச மெல்ல இழுத்து விடு."

இதைப் பேசும்போது என் ஒரு கை மெஷின் மேல்தான் இருந்தது. அது சூடாக இருந்தது. அப்போதுதான் வேறு யாருக்கோ ஒரு கட்டு அனுப்பி முடித்திருந்தேன்.

நான் அவனை வெறுக்கவில்லை. அந்த மாதிரி கம்பெனிகளில் ராப்பகலாக உழைப்பு வாங்குவார்கள், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இவனால் முடியாது, இப்போதே தெரிந்துகொள்வது அவனுக்குத்தான் நல்லது என்று யோசித்தேன். அண்ணன் ஸ்தானத்தில் இருப்பவன் அப்படித்தான் யோசிப்பான்.

புதன்கிழமை, அவனோடு வராந்தாவில் படுத்திருந்த திருச்சூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டார். ரெங்கராஜ் சேட்டனா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது என்றார். வேனில் ஏற்றும்போதுகூட, பேர் வாசித்துவிட்டார்களா என்று கேட்டானாம். அவர் அழுதார். அவனிடம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்ததே, அது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

யாரும் என்னை விசாரிக்கவில்லை. நூஹு பாய் ஊரிலிருந்து போன் பண்ணி, "லைன் கெடைக்காததுக்கு நீங்க என்ன செய்வீங்க, பழைய வக்கீலு," என்று என்னைத்தான் தேற்றினார். ஆனால் நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டதால் சொல்கிறேன். லைன் எல்லா நாளும் கிடைத்தது. நான்தான் கடைசி எண்ணை அழுத்தவில்லை.

விசாவில் இன்னும் நாள் பாக்கி இருந்தது. மறுநாள் காலை ஆபீஸைத் திறந்ததும் அதை ஃபேக்ஸ் அனுப்பினேன். முதல் தடவையிலேயே போய்விட்டது.