பன்னிரண்டு கொன்டெய்னருக்கு ஒரு கையெழுத்து

காலை 7.42. பிராங்பேர்ட் நகர ரயிலில் முதலில் கண்ணில் பட்டவர், கழுத்தில் நிறுவன அடையாள அட்டையுடன் மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். எதிரே, அதே நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட பெண்.

"ரெண்டு நிமிச வேலைக்கு மூண்டு கிழமையாக் காவல் இருக்கிறன், அக்கா."

"ஏன், பிழையை இன்னும் திருத்தேல்லையோ?"

"அது எப்பவோ திருத்தியாச்சு. வைத்தியசாலைச் செயலியைப் தனித்தனியா ஓடுற பன்னிரண்டு துண்டா, கொன்டெய்னராப் பிரிச்செல்லோ வைச்சிருக்கிறம். டொக்டரைப் பாக்கிற ஒரே தேர்மீன் நேரத்தை ரெண்டு பேருக்குக் குடுக்கிற அந்த ஒண்டை மட்டும் மாத்தினாச் சரி. மற்றதுகள் தங்கடை பாட்டிலை ஓடும்."

"பிறகென்ன?"

"அனுமதி கேக்கிற அந்திராக் படிவத்திலை, 'முழுச் செயலியும் நிறுத்தப்படும் நேரம்' எண்டு ஒரு கட்டம் கிடக்கு. நான் 'நிறுத்தத் தேவையில்லை' எண்டு எழுதினன். சரியா நிரப்பேல்லையாம், அனுமதிப் பிரிவிலை திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"ஓடுறதை நிப்பாட்டினாத்தான் அவைக்கு வேலை நடந்தமாதிரி. சும்மா ஒரு நேரத்தை எழுதிவிடுமன், தம்பி."

"எழுதினன். இப்ப அந்த நேரத்துக்குப் பன்னிரண்டையும் நிப்பாட்டட்டாம்."

"ஓம், எழுதினபடி நடக்கத்தானே வேணும்!" அந்தப் பெண் சிரித்தார். "வெள்ளிக்கிழமை உம்மடை தகுதிகாண் காலம் முடியுது. அதுக்குள்ளை இந்தத் திருத்தம் போகாட்டி?"

"வேலை நிரந்தரமாகாது எண்டு மேலாளர் நேற்றே சொல்லிப்போட்டார்."

இளைஞரின் கைபேசி அதிர்ந்தது. வந்த பதிலை உரக்க வாசித்தார்: கையெழுத்திட வேண்டிய அதிகாரி விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமை திரும்புவார்.